வெளிச்சத்தைக் கீழே இறக்கினோம்

வேலூரில் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை பக்கத்துப் பழைய தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த வீடுகளின் அமைப்பு தெரிந்திருக்கும். தெருவுக்குக் காட்டும் முகம் 10, 12 அடி. உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். திண்ணை, முன் ரூம், நடு ரூம், சமையல்கட்டு, கடைசியில் தோட்டம் என்ற பெயரில் ஒரு குழாயடி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவர். ஜன்னல் வைப்பதென்றால் தெருப்பக்கம் ஒன்று, குழாயடிப் பக்கம் ஒன்று, அவ்வளவுதான்.

எங்கள் வீடும் இதே ரகம். அக்னி நட்சத்திரத்தில் வெளியே ரோட்டில் கால் வைக்க முடியாத வெயில் அடிக்கும்போது, நடு ரூமில் பீரோ சாவி தேட லைட் போட வேண்டும். ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள். உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். அதே நேரத்தில் போனில் லக்ஸ் மீட்டர் ஆப்பைத் திறந்து நடு ரூமில் வைத்தால் 30ஐத் தாண்டுவதே பெரிய பாடு. படிப்பதற்கு, காய் நறுக்குவதற்கெல்லாம் 300 லக்ஸ் பக்கம் இருந்தால்தான் கண் சிரமப்படாது.

இருட்டுக்கு எல்லார் வீட்டிலும் செய்யும் வைத்தியம் ஒன்றே. நீளமான சுவரின் நட்டநடுவில், உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே, 4 அடி டியூப்லைட். போதவில்லை என்றால் எதிர்ச் சுவரில் இன்னொன்று. அதுவும் போதவில்லை என்றால் சோக், ஸ்டார்ட்டரோடு பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு எல்இடி பட்டி. எங்கள் வீட்டிலும் இந்த வரிசையில் ஒன்று விடாமல் நடந்தது. வாட்ஸ் மாறியது, நிறம் வெள்ளையிலிருந்து இன்னும் வெள்ளையானது. அம்மாவின் குறை மட்டும் அப்படியே இருந்தது. "கண்ணு கூசுது, ஆனா அரிசில கல்லு தெரியல" என்பார்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று எல்லாரும் கணக்குப் போடுகிறோம். அது எங்கே விழ வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்ச நாளாக நானே வீட்டில் விளக்குகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றங்களில் பாதி, விளக்கைக் கீழே இறக்கியதுதான்.

அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டது. வயதாக ஆகக் கண்மணியின் திறப்பு சுருங்குகிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் தடித்துப் பழுக்கிறது. 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குப் போகிறது என்று கண் மருத்துவர்கள் கணக்குச் சொல்வார்கள். அப்படியானால் டியூப்லைட்டை மூன்றாக்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பழுத்த லென்ஸ் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கண்ணுக்கு நேராகத் தெரியும் விளக்கு எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு கூச்சம். கூசும் கண்ணுக்குக் கீழே இருக்கும் அரிசி இன்னும் மங்கலாகத் தெரியும். புரை ஆரம்பித்திருந்தால் கேட்கவே வேண்டாம். அம்மாவை ஆரணி ரோட்டு ஷெல் கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஆரம்ப நிலைதான், அறுவை இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது இரண்டு. வேலை நடக்கும் இடத்தில் வெளிச்சம் கூட வேண்டும். விளக்கு கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

முதல் வேலைக்குப் பள்ளிக்கூடத்து இயற்பியலே போதும். பல்பு மாதிரிச் சின்ன விளக்கு என்றால், தூரம் பாதியானால் வெளிச்சம் 4 மடங்கு. 8 அடி உயரத்தில் இருக்கும் 9 வாட்ஸ் பல்பை, முறத்துக்கு மேல் 2 அடிக்கு இறக்கினால் தூரம் நான்கில் ஒன்று, முறத்தில் விழும் வெளிச்சம் 16 மடங்கு. நீளமான டியூப்புக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, கொஞ்சம் மெதுவாகத்தான் குறையும். ஆனாலும் போக்கு அதேதான். 16 மடங்கு வெளிச்சத்தை வாட்ஸில் வாங்கப் போனால் வீடு தாங்காது.

சமையல்கட்டில் ஆரம்பித்தேன். அங்கே விளக்கு இருந்த இடத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். மேடைக்கு எதிர்ச் சுவரில், அதாவது சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால். நின்று நறுக்கினால் நம் நிழல் சரியாக அரிவாள்மணை மேலோ கட்டிங் போர்டு மேலோ விழும். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒயரிங் செய்தவருக்கு அந்தச் சுவரில்தான் பைப் இழுப்பது சுலபம். உங்கள் வீட்டிலும் போய்ப் பாருங்கள், பத்துக்கு ஏழு சமையல்கட்டு இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

மேடைக்கு மேல் மசாலா டப்பா அடுக்கும் பலகை இருக்கிறதல்லவா, அதன் அடிப்பக்கத்தில் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினேன். ஸ்ட்ரிப்பை வெறுமனே பலகையில் ஒட்டினால் சில மாதத்தில் பசை விட்டுத் தொங்கும். அலுமினியச் சேனல் என்று கடையில் கேளுங்கள். ஆங்கில யு வடிவத்தில் இருக்கும், மேலே பால் நிறத்தில் ஒரு மூடி வரும். சேனல் சூட்டை வாங்கிக்கொள்ளும், பால் மூடி புள்ளி புள்ளியாகத் தெரியும் வெளிச்சத்தை ஒரே கோடாக்கும். முக்கியமாக, எண்ணெய்ப் பிசுக்கை ஈரத் துணியால் துடைக்கலாம். சிலிக்கோன் பூசிய ஸ்ட்ரிப் தண்ணீர் படாது என்று விற்பார்கள். தாளிக்கும் இடத்தில் அது நாளடைவில் மஞ்சளாகிவிடும்.

ஸ்ட்ரிப்பை நினைத்த இடத்தில் வெட்டக்கூடாது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் பெரும்பாலும் மூன்று மூன்று எல்இடி ஒரு தொகுதி. தொகுதிக்கு ஒருமுறை கத்திரிக்கோல் படம் போட்ட செப்புப் புள்ளி இருக்கும், அங்கே மட்டும் வெட்டலாம். அடாப்டர் கணக்கு இப்படி: மீட்டருக்கு 10 வாட்ஸ் ஸ்ட்ரிப் 2 மீட்டர் போட்டால் 20 வாட்ஸ். 20ஐ 12ஆல் வகுத்தால் 1.67 ஆம்பியர். சரியாக 2 ஆம்பியர் அடாப்டர் வாங்கினால் ஓடும். ஆனால் நம் ஊர் மே மாதத்தில் அது எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். 3 ஆம்பியராக வாங்கினால் நிம்மதி. அடாப்டரை அடுப்புக்கு மேலே வைக்க வேண்டாம், சிங்குக்குப் பக்கத்திலும் வேண்டாம். நீளம் 5 மீட்டர் போனால் கடைசி முனை மங்கும். தாமிரப் பட்டை மெலிசு, போகப் போக வோல்டேஜ் இறங்குகிறது. இரண்டு முனையிலும் கரண்ட் கொடுத்தால் சரியாகும்.

சமையல்கட்டுக்கு விளக்கு வாங்கும்போது லூமனை, அதாவது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தைப் பார்ப்பதோடு சிஆர்ஐ என்று போட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். பொருளின் உண்மையான நிறத்தை விளக்கு எவ்வளவு காட்டுகிறது என்பதன் அளவு அது, உச்சம் 100. சாதாரணப் பல்பு 80 இருக்கும். 90 தாண்டியது கொஞ்சம் விலை கூட. அந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டியது எங்கள் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய்தான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பில் முள்ளும், வேக வைத்தால் ஒரு தனி வழவழப்பும். நல்ல காய்க்கும் சொத்தைக் காய்க்கும் உள்ள வேறுபாடு, வெட்டிய உள்பக்கத்தில் லேசான பழுப்பாகத்தான் ஆரம்பிக்கும். பழைய பட்டியின் நீல வெள்ளையில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். புது ஸ்ட்ரிப்புக்குக் கீழே பழுப்பு பழுப்பாகத் தெரிகிறது, புழு ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. அம்மா இப்போது கத்தரிக்காயை ஜன்னலண்டை எடுத்துப் போய்ப் பார்ப்பதில்லை.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் பெரிய சண்டையே இதில்தான். பல்பு அட்டையில் 2700, 3000, 4000, 6500 என்று கெல்வின் எண் போட்டிருக்கும். எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. நம் ஊரில் கடைக்காரர் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது 6500. "மஞ்சள் லைட் போட்டா கரண்ட் கம்மியா வர்ற மாதிரி இருக்கு" என்று அப்பா ஒரே வாக்கியத்தில் என் திட்டத்தை நிராகரித்தார். முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் யோசித்தால் அவர் பேச்சில் ஒரு வரலாறே இருக்கிறது. குண்டு பல்பு காலத்தில் சாயங்காலம் ஊரெல்லாம் லைட் போடும் நேரம், வயலில் மோட்டார் ஓடும் நேரம், வோல்டேஜ் இறங்கும். இறங்கினால் இழையின் சூடு குறைந்து பல்பு சிவந்து அழும். மஞ்சள் என்றால் லோ வோல்டேஜ், வெள்ளை என்றால் வசதி. அந்தத் தலைமுறைக்கு டியூப்லைட் வெள்ளை என்பது வீட்டுக்கு வந்த முன்னேற்றம். அதை மஞ்சளாக்கப் போகிறேன் என்றால் கோபம் வராதா?

எல்இடியில் அந்தக் கணக்கு கிடையாது. வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது நீல எல்இடி, அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. (அந்த நீலத்தை உண்டாக்கியதற்குத்தான் 2014இல் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது.) பூச்சை மாற்றினால் நிறம் மாறும், வோல்டேஜுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடைசியில் சமரசம்: சமையல்கட்டில் 4000, படுக்கும் ரூமில் 2700, அப்பா பேப்பர் படிக்கும் முன் ரூமில் அவர் இஷ்டம். 2700க்கு எனக்கு இன்னொரு காரணமும் கைகொடுத்தது. முதல் மழைக்கு ஈசல் கிளம்பும் ராத்திரி நீல வெள்ளை விளக்கைத்தான் அதிகம் மொய்க்கும், மஞ்சளுக்கு வருவது குறைவு. அந்த வாதத்துக்கு அம்மாவின் ஓட்டு விழுந்தது.

நடு ரூம்தான் கஷ்டமான இடம். அதில் மூன்று வேலை செய்தேன். அவற்றில் மிகவும் பலன் தந்தது மின்சாரமே இல்லாத வேலை. எங்கள் கூரை பழைய மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்தரங்களுக்கு நடுவே செங்கல். பல வருடத்துப் புகையில் அது பழுப்பேறிக் கிடந்தது. சுவர் கீழ்ப்பாதி கரும்பச்சை டிஸ்டெம்பர், அழுக்கு தெரியக்கூடாது என்று தாத்தா அடித்தது. நல்ல வெள்ளைச் சுண்ணாம்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கரும்பச்சை பெரும்பங்கை விழுங்கிவிடும். விளக்கு போட்டு அதைச் சுவருக்குத் தீனி கொடுத்துக்கொண்டிருந்தோம். உத்தரங்களைத் தொடாமல் இடைப்பட்ட கூரைக்கு வெள்ளை, சுவருக்குப் பளபளப்பில்லாத வெளிர் நிறம். அதே விளக்கில் ரூம் மாறிவிட்டது. வெளிச்சத்துக்காக ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், பல்பு வாங்காதீர்கள், கூரைக்குச் சுண்ணாம்பு அடியுங்கள் என்பேன்.

இரண்டாவது வேலை மாடக்குழி. பழைய வீடுகளில் சுவருக்குள் குடைந்த சின்ன மாடம் இருக்குமே, அதுதான். எங்கள் நடு ரூமில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிறது. சாமிக்குரியது வேறு, இது புழங்கும் விளக்குக்கு. பாட்டி அதில் சிம்னி விளக்கு வைப்பாராம். கட்டியவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்தவரின் தோள் உயரம், காற்று நேரே படாது, உள்பக்கம் சுண்ணாம்பு அடித்திருப்பதால் வெளிச்சம் முழுவதும் முன்னால் வரும். மின்சாரம் வந்தபின் அது மருந்துச் சீட்டும் செல்லாத ரிமோட்டும் போடும் இடமானது. உள்ளே ஒரு ஆங்கிள் ஹோல்டர், 3 வாட்ஸ் 2700 பல்பு. பல்பு நேரே கண்ணில் படாமல் இருக்க முன்னால் பாதி உயரத்துக்கு ஒரு மரப்பலகை. ஒயரைச் சுவர் ஓரமாகச் சின்ன கேசிங்கில் கொண்டுபோனேன், சுவரை உடைக்கவில்லை. டிவி பார்க்க, படுக்கும் முன் பேச, ராத்திரி எழுந்து போக, இது ஒன்றே போதும். முன்பு ராத்திரிக்கு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியும். பெயர்தான் ஜீரோ, அந்தப் பழைய குண்டு ஜீரோ பல்பு 12 முதல் 15 வாட்ஸ் வரை இழுக்கும்.

மூன்றாவது, ஃபேன் தகராறு. வேலூரில் ஃபேனை நிறுத்தி உட்கார்வது மார்கழியில் சில வாரம்தான். டியூப்லைட் ஃபேன் இறக்கைக்கு மேலே இருந்தால், அந்த வெளிச்சம் இறக்கைகளுக்கு நடுவே புகுந்து எதிர்ப் பக்கம் வரும்போது நிழல் வெட்டி வெட்டி ஓடும். பேப்பரில் எழுத்து நடுங்கும். பலர் இதைத் தலைவலி என்று மட்டும் உணர்வார்கள், காரணம் தெரியாது. விளக்கை இறக்கை மட்டத்துக்குக் கீழே, ஃபேனிலிருந்து தள்ளிய சுவரில் 5, 6 அடி உயரத்தில் வைத்தால் தீர்ந்தது. சுவர் பிராக்கெட்டில் ஒரு 9 வாட்ஸ் பல்பை மாட்டி, முன்னால் தகட்டு மறைப்பு வைத்து வெளிச்சத்தைச் சுவர் மேலேயே வழியவிட்டேன். புதிதாக வெள்ளையடித்த சுவரே விளக்காகிவிட்டது.

ஃபேன் இல்லாமலே எழுத்து நடுங்கினால் பல்பின் குறை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, மண்டைக்குத் தெரியும். போன் கேமராவைப் பல்புக்குக் கிட்டே காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அந்தப் பல்பைப் படிக்கும் இடத்தில் போடாதீர்கள். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம், பஜாரில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிராக்கெட் மாட்டிய அன்று ஒரு வேடிக்கை. சுவிட்சை அணைத்தபிறகும் பல்பு மின்மினியாக எரிந்துகொண்டிருந்தது. பேய் வீடு என்று அக்கா மகன் போனில் படம் எடுத்தான். தெருவில் ஒயரிங் வேலை பார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். டெஸ்டரை ஹோல்டரில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது ஒண்ணியும் இல்ல தம்பி, நியூட்ரல்ல சுவிட்ச் போட்டு வெச்சிக்கிறான்." கரண்டைக் கொண்டு வரும் பேஸ் ஒயரில் போட வேண்டிய சுவிட்சை யாரோ எப்போதோ கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கிறது. குண்டு பல்பில் இது தெரியாது. எல்இடிக்குத் துளி கசிவு போதும், மினுக்கும். (சுவிட்சிலேயே குட்டி இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் இப்படி மினுக்கலாம், அது ஆபத்தில்லை.) எத்தனை வருடமாக சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இந்த ஹோல்டர்களில் பல்பு மாற்றியிருக்கிறோம் என்று நினைத்தால் முதுகு சில்லென்றது.

அதனால் சுவிட்சை நம்பி யாரும் கை வைக்காதீர்கள். மீட்டர் பக்கத்துப் பெட்டியில் அந்த லைனையே துண்டிக்கும் எம்சிபியை இறக்குங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். செத்த டெஸ்டரும் "கரண்ட் இல்லை" என்றுதான் காட்டும். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது விதி. பழைய வீட்டில் கையில் கிடைத்த நிறத்தை இழுத்திருப்பார்கள், நிறத்தை நம்ப முடியாது. கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடு என்றால், அலங்கார விளக்குக்கு முன்னால் அதைப் போடுங்கள். ஹோல்டர் மாற்றுவது, 12 வோல்ட் ஸ்ட்ரிப் ஒட்டுவது, கேசிங் அடிப்பது வரை நான் செய்வேன். புது லைன் இழுப்பது, போர்டுக்குள் கை வைப்பது எல்லாம் அந்த அண்ணன் வேலை. மாடிப்படிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று டூ வே சுவிட்ச் போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

பக்கத்து வீட்டு அக்கா பீடி சுற்றுகிறார். வேலூர், குடியாத்தம் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் பெண்கள் செய்யும் வேலை, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும். பகலில் திண்ணை, பொழுது சாய்ந்தால் உள்ளே டியூப்லைட்டுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்வார். தலை குனிந்தால் தலையின் நிழல் முறத்தில். சுற்றியது சரியில்லை என்றால் கணக்கில் கழித்துவிடுவார்கள் என்பதால் இது வெறும் கண் வலி சமாச்சாரம் இல்லை. என் பழைய டேபிள் லைட்டின் கழுத்தை எடுத்து, ஒரு மரக்கட்டையில் பொருத்தி, 5 வாட்ஸ் பல்பு போட்டுக் கொடுத்தேன். வலது கைக்காரர் என்பதால் இடது பக்கம், கொஞ்சம் முன்னால், முறத்திலிருந்து ஒன்றரை அடி. பல்பு கண்ணில் படாமல் இருக்கக் கூம்பு மூடி. "டிவி நல்லா தெரியுது தம்பி, டியூப்லைட்ட நிறுத்திட்டேன் இல்ல" என்றார். நான் எதிர்பார்த்த பாராட்டு வேறு. ஆனாலும் விஷயம் சரிதான். ரூமெல்லாம் வெளிச்சம் தேவைப்படவில்லை.

பகல் வெளிச்சத்தில் இதைத் தறிக்காரர்கள் எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் உறவினர் வீட்டில், தறிக்குழிக்கு நேர் மேலே ஓட்டுக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு. வீட்டில் வேறெங்கும் கிடையாது. இழை அறுந்தால் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் வானம். அதைப் பார்த்துத்தான் எங்கள் குழாயடித் தாழ்வாரத்தில் ஒரு சாதா ஓட்டைக் கழற்றிக் கண்ணாடி ஓடு மாட்டினேன். பாத்திரம் தேய்க்கும் இடத்தில் பகலில் சுவிட்சுக்கே வேலையில்லை. ஓடு சரிவாகப் பொருந்த வேண்டும், பக்கத்து ஓட்டின் மேல் ஏறி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழை உள்ளே வரும். தகரக் கூரை வீட்டுக்கு 2 லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் பிளீச்சும் ஊற்றிக் கூரையில் பாதி வெளியே, பாதி உள்ளே சொருகும் முறை இருக்கிறது. 2002 வாக்கில் பிரேசிலில் ஆல்ஃப்ரெடோ மோசர் என்ற மெக்கானிக் செய்து காட்டியது. செலவே இல்லை, கசியாமல் அடைப்பதில்தான் சூட்சுமம். மெட்ராஸ் டெரஸில் ஓட்டை போடும் ஆசை எனக்கும் வந்தது. உத்தரம் எங்கே பாரம் தாங்குகிறது என்று தெரிந்த கொத்தனார் கிடைக்கும் வரை அது ஆசைதான்.

விளக்கை இறக்கியதில் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று உண்டு. எல்இடி பல்பு செத்துப் போனால் பெரும்பாலும் சாவது எல்இடி இல்லை, அதன் அடியில் இருக்கும் டிரைவர், அதாவது கரண்டை எல்இடிக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட். அதிலுள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குச் சூடு ஆகாது. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பொறியாளர்களின் வாய்ப்பாடு. வேலூரில் கோடையில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடித் தளம் ராத்திரி பத்து மணிக்கும் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். அந்தத் தளத்தை ஒட்டி, மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள், பொய்க்கூரைக்குள் பல்பைப் பதித்தால் அது எத்தனை நாள் தாங்கும்? "இந்தக் காலத்துப் பல்பு எதுவும் நிற்பதில்லை" என்று புலம்புவதற்கு முன்னால் அது எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். திறந்த ஹோல்டரில் ஆள் உயரத்தில் இருக்கும் பல்புக்குக் காற்றாவது கிடைக்கும்.

கரண்ட் கணக்கை அப்பா கேட்டார். எல்இடி பட்டிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டுச் சொன்னேன். சோக்கோடு சேர்த்துப் பழைய டியூப் ஒன்று 50 வாட்ஸ் பக்கம். இரண்டு டியூப், தினம் 6 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இப்போது ஸ்ட்ரிப் 20, பிராக்கெட் 9, மாடக்குழி 3, மொத்தம் 32 வாட்ஸ். அதே நேரத்துக்கு 11.5 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016இல் வந்தது. இலவச யூனிட் கோட்டுக்கு மேலே கீழே ஊசலாடும் வீட்டில் இந்த வித்தியாசம் பில்லில் தெரியும். ஏசி ஓடும் வீட்டில் தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வாசல் விளக்கு பாக்கி. திண்ணைக்கு மேலே 20 வாட்ஸ் ஃப்ளட் லைட் எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்து எரிகிறது. எங்கள் படி இருட்டாகத்தான் இருக்கிறது. பழைய வடாற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் அக்கறை வேண்டும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில். 1977இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது, அந்தக் கோளுக்கு வளையம் உண்டென்பதற்கான தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் ஒன்று அது. 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி நிறுவி வானியலாளர் வைணு பாப்பு பெயரை வைத்தார்கள். அந்த மலைக்குப் போனவர்கள் சொல்வார்கள், அடிவாரத்து ஊர்களின் வெளிச்சம் வானத்தில் மங்கலாக ஏறி நிற்பதை. என் ஃப்ளட் லைட்டின் பங்கு அதில் தூசுதான், எதிர் வீட்டுப் பாப்பாவின் தூக்கத்தில் பங்கு பெரிது. அதைக் கழற்றிவிட்டு, கீழ்ப் படியின் விளிம்பு தெரிகிற மாதிரி முழங்கால் உயரத்தில் தகட்டு மூடி போட்ட 5 வாட்ஸ் பல்பு வைக்கலாம் என்று அளந்து வைத்திருக்கிறேன். மழைத் தண்ணீர் தெறிக்கும் இடம் என்பதால் தூசும் தண்ணீரும் உள்ளே போகாத, ஐபி65 என்று போட்ட ஃபிட்டிங் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நடு ரூம் டியூப்லைட்டை மட்டும் அப்பா கழற்ற விடவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே எழுந்து போய் அதைப் போடுகிறார். அவர்கள் போனதும் அம்மா அணைக்கிறார்.